மிஸ் ஓர்லீன் ஏன் சப்பாத்தைக் கழற்றினா

மிஸ் ஓர்லீன் செத்துப்போன கிழமை அவவைப் பற்றி வந்த எழுத்து எல்லாவற்றையும் வாசித்தேன். மேடையில் வெறுங்காலோடு நின்று பாடியது மூதாதையரின் மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கவாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அது ஆடம்பரத்துக்கு எதிரான மௌன அறிக்கை என்று இன்னொருவர். அந்த மேடையில் மண் எங்கே கிடந்தது? முக்கால் அங்குலப் பிளைவூட். வருஷத்துக்கு ஒருமுறை அதற்குக் கறுப்புப் பெயின்ற் அடித்தவன் நான்.

தர்ஷினி என்று ஒரு பிள்ளை, என் சிநேகிதனின் மகள், ஸ்காபரோவில் கலியாண மண்டபங்களுக்கு சவுண்ட் போடுகிறாள். அவள்தான் ரெலிபோன் எடுத்தாள்.

"அங்கிள், உங்கட மிஸ் ஓர்லீனைப் பற்றி எல்லாரும் எழுதுகினம். அந்த வெறுங்கால் ஸ்ரோரி ட்றூவோ?"

"வெறுங்கால் உண்மை. மிச்சமெல்லாம் பொய்."

"அப்ப நீங்கள் எழுதுங்கோவன்."

"நான் என்ன எழுத்தாளனோ?"

"எழுதின உவையள் என்ன சவுண்ட்காரரோ?"

அதுதான் எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களில் ஒருத்தி போய்விட்டா. மற்றவரிடம், அவவுக்கு ஓர்கன் வாசித்த லியோனிடம், அனுமதி கேட்டேன். "எழுது, ஆனா என்னை வடிவா எழுது" என்றார். முயற்சி செய்கிறேன்.

முதலில் என் வேலை. ரொறன்ரோ டவுன்ரவுனில் ஒரு பாட்டு மண்டபத்தில் முப்பது வருஷம் இருந்தேன். மேடையில் பாடுகிறவருக்குச் சனம் கேட்கிற சத்தம் கேட்காது. பெரிய ஸ்பீக்கர்கள் எல்லாம் சனத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் பாடுகிறவரின் காலடியில் மேலே பார்த்தபடி சின்ன ஸ்பீக்கர்கள் படுத்திருக்கும். மொனிற்றர் என்போம். அதில்தான் அவர் தன் குரலைக் கேட்பார். மேடையின் ஓரத்தில், திரைக்குப் பின்னால், ஒருவன் நின்று அந்தச் சத்தத்தைக் கலந்து கொடுப்பான். அந்த ஒருவன் நான். சனத்துக்கு நான் இருப்பதே தெரியாது. பாட்டு நன்றாக இருந்தால் பாடகிக்குப் புகழ், பிழைத்தால் மொனிற்றர்காரனுக்கு ஏச்சும் பேச்சும். நீதியான ஏற்பாடு.

இந்த வேலையை எடுத்ததே ஒரு பொய் சொல்லித்தான். ஊரில் மாதா கோயில் பெருநாளுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டினவன் என்றேன். கட்டியது என் மச்சான். நான் ஏணியைப் பிடித்தவன். மண்டபத்தோடு ஒட்டியிருந்த ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த என்னை அந்தப் பொய்தான் சுவருக்கு மற்றப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கே மூன்று வருஷம் வயர் சுற்றினேன்.

வயர் சுற்றுவது என்றால் சும்மா இல்லை. ஒரு வளையம் கைக்கு மேலால், அடுத்தது கைக்குக் கீழால், மாறி மாறி. அப்படிச் சுற்றாவிட்டால் வயருக்குள் முறுக்கு நின்றுவிடும். எங்கள் தலைமை சவுண்ட்காரர் கோர்டன், சனத்துக்குப் போகிற சத்தத்தைக் கலக்கிற பெரிய மனுசன், நான் சுற்றிவைத்த வயரின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை மேடைக்குக் குறுக்கே வீசி எறிவார். சிக்கில்லாமல் நேராகப் போய் விழுந்தால் கண்ணாடியை விரலால் மேலே தள்ளுவார். அது பாராட்டு. சிக்கினால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ஒரு சொல் சொல்லமாட்டார். அவர் துடைத்த நாட்களில் எல்லா வயரையும் அவிழ்த்துத் திரும்பச் சுற்றுவேன். ஒரேயொரு சட்டத்தை மட்டும் வாயால் சொல்லியிருக்கிறார்: "சனம் உன்னைக் கண்டால் நீ தோத்திட்டாய்."

இனி அவவுக்கு வருகிறேன்.

ஓர்லீன் நோவா ஸ்கோஷியாவில் பிறந்து வளர்ந்த கறுப்பினப் பெண். பதினேழு வயதில் ரொறன்ரோவுக்கு வந்து, பகலில் ஆஸ்பத்திரி லோண்டரியில் வேலை, சனி ஞாயிறுகளில் பாட்டு. அந்தக் காலத்தில் யங் வீதி முழுக்க சோல் பாட்டுக்காரர்தான். கோயிலில் கடவுளைக் கூப்பிட்ட அதே குரலால், வெளியே வந்து ஓடிப்போன காதலனைக் கூப்பிடுவது, அதுதான் சோல், ஆத்துமம் என்று பொருள். ஆத்துமத்தைக் காப்பாற்று என்று எங்கள் பங்குச் சுவாமியார் எனக்குச் சின்ன வயதில் சொன்னார். கடைசியில் நான் அதற்கு மைக் வைத்துச் சம்பளம் எடுத்தேன்.

இருபது சொச்ச வயதில் அவ பாடிய ஒரு பாட்டு றெக்கோட்டாக வந்து கொஞ்சம் ஓடியது. நாங்கள் அதைச் சேட்டுப் பாட்டு என்போம். ஒரு பெண் தன் மனுசனின் சேட்டைக் கழுவுகிறாள், அயன் பண்ணுகிறாள், விழுந்த பொத்தானைத் தைக்கிறாள், மடிக்கிறாள், பையில் போடுகிறாள், பையைக் கொண்டுபோய் வாசலுக்கு வெளியே வைத்துவிட்டுக் கதவைப் பூட்டுகிறாள். அவ்வளவுதான் கதை. முழுப் பாட்டிலும் ஒரு சொட்டுக் கோபம் இல்லை. அதுதான் பயம். அவ தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால்தான் வருவா. பஸ் வெளிக்கிடுகிற நேரம் ஓடாமல் நடந்து வந்து ஏறுவார்களே சிலர், டிரைவர் நிற்பான் என்று தெரிந்தவர்கள், அந்த நடை.

றெக்கோட் கொம்பனிக்காரர் அட்டையில் அவவின் முகத்தைப் போடவில்லை. கறுப்பு முகம் விற்காது என்று, ஒரு கடற்கரையையும் யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெட்டையின் முதுகையும் போட்டார்கள். பாட்டோ சேட்டுக் கழுவுவது. அட்டையில் இருந்தவள் சேட்டே போட்டிருக்கவில்லை.

அந்த றெக்கோட்டில் ஓர்கன் வாசித்த லியோன் என்பவரைத்தான் பிறகு கலியாணம் செய்தா. "பாட்டு முதல் வந்தது, கலியாணம் பிறகு. வாசிச்சுப் பாக்காமல் கையெழுத்து வைச்சிட்டன்" என்பார் லியோன். சில வருஷத்தில் அவருடைய சேட்டும் பையில் போய் வாசலுக்கு வந்தது. ஆனால் கலியாணம்தான் முறிந்தது, பாண்ட் முறியவில்லை. விவாகரத்துக்குப் பிறகும் அவவின் பாட்டுக்கு ஓர்கன் அவர்தான்.

அட்டையில் முகம் இல்லாதவவை ஊர் கெதியாக மறந்தது. நாற்பத்திரண்டு வருஷம் அதே லோண்டரியில் வேலை செய்து சூப்பர்வைசராகி ஓய்வெடுத்தா. அதற்குப் பிறகு இங்கிலாந்தில் பழைய றெக்கோட் சேர்க்கிற சில விசர்ப் பெடியள் சேட்டுப் பாட்டுக்கு விடிய விடிய ஆடுகிறார்கள் என்று செய்தி வந்தது. தேடிப் பார்த்தால் ஆள் உயிரோடு ஸ்காபரோவில் டோர்செட் பார்க் அப்பாட்மெண்ட் ஒன்றில் இருந்து கிறிக்கெற் பார்த்துக்கொண்டிருக்கிறா. பக்கத்து வீட்டுத் தமிழர் பழக்கிவிட்டார்களாம். அப்படித்தான் எங்கள் மண்டபத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு, பின்னேரம் மூன்று மணிக்கு, அவவின் பாட்டு தொடங்கியது. மூன்று மணி ஏனென்றால் ஒரு மணிக்குத்தான் அவவின் கோயில் முடியும், ஒன்பது மணிக்குப் படுக்க வேண்டும்.

நாலு மாதத்தில் நாலு மொனிற்றர்காரரைக் கலைத்தா. ஐந்தாவதாகக் கோர்டன் என்னை அனுப்பினார்.

எல்லாரிடமும் அவ ஆங்கிலத்தில்தான் கதைத்தா, நான் எங்கள் பேச்சில் தருகிறேன். கோட்டைக் கழற்றாமல் மேடைக்கு வந்தா. ஹாண்ட்பாக்கை ஓர்கனுக்கு மேல் வைத்தா. லியோன் எடுத்து நிலத்தில் வைத்தார். அவ எடுத்துத் திரும்ப மேலே வைத்தா. ஒவ்வொரு மாதமும் இது நடக்கும், இருவரும் ஒரு சொல் கதைக்காமல்.

"உன்ர பேர் என்ன?"

"நேசன்."

"நேஷனோ? ஒரு நாட்டின்ர பேரை வைச்சிருக்கிறாய், ஆள் இவ்வளவுதானோ?"

அன்றிலிருந்து நான் நேஷன். அகதியாக வந்தவனை நாடு என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவதான். நான் திருத்தவில்லை.

பாட்டுக்கு முன் மைக் சரிபார்க்கிற நேரம் மற்றவர்கள் "வன், ரூ" என்பார்கள். அவ சனம் உட்காரும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி, என்னைப் பார்த்து நின்று, லோண்டரிக் கணக்கைப் பாடுவா. "போர்வை நாற்பது. தலையணை உறை அறுபது. டொக்ரர்மாரின்ர கோட்டுப் பன்னிரண்டு, அதிலை மூண்டிலை இரத்தம்." உருகி உருகிப் பாடுவா. மண்டபம் கூட்டிக்கொண்டிருந்த கிழவர் ஒருமுறை தும்புத்தடியை நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

அந்த முதல் நாள், நல்ல பெயர் எடுக்க நினைத்து, அவவின் குரலுக்குக் கொஞ்சம் எக்கோ சேர்த்துக் கொடுத்தேன். பாதியில் நிறுத்தினா.

"நேஷன், ஆர் இந்தப் பொம்பிளை?"

"நீங்கள்தான், மிஸ் ஓர்லீன்."

"நான் இவ்வளவு வடிவில்லை. என்னைத் தா."

எக்கோவை முழுதாக எடுத்தேன். வறண்ட, கொஞ்சம் கரகரப்பான, அறுபது தாண்டிய குரல் ஒன்று ஸ்பீக்கரில் வந்தது. அவ இடது காதுத் தோட்டைத் தொட்டா. பிறகுதான் அந்தப் பாஷை எனக்குப் பிடிபட்டது. தோட்டைத் தொட்டால் நல்லம். ஒரு விரல் மேலே போனால் குரலைக் கூட்டு. உள்ளங்கையைத் தட்டையாக வைத்தால் லியோனைக் குறை. உள்ளங்கைதான் அதிகம்.

அவவோடு ஆறு வருஷம் சந்தோஷமாகப் போனது. பிறகு அந்த மாரிக்காலம் வந்தது.

சத்தம் கலக்கிற என் மேசையில் அவவின் குரலுக்கு இரண்டு தள்ளுகட்டைகள், மேலே தள்ளினால் சத்தம் கூடும், இடப்பக்க ஸ்பீக்கருக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று. எங்கே நிறுத்துவது என்று பக்கத்தில் ரேப் ஒட்டிப் பென்சிலால் கோடு போட்டிருப்பேன். கார்த்திகையில் ஒரு விரல் மேலே போனது, வலப்பக்கத்தைக் காட்டினா. கோட்டை ஏற்றினேன். மார்கழியில் திரும்ப ஏற்றினேன். தையில் கோடு ஒன்றரை அங்குலம் மேலே போய்விட்டது. இடப்பக்கக் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. பாடும்போது அவவின் தலை கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் சாயத் தொடங்கியிருந்தது. பக்கத்தில் யாரிடமோ இரகசியம் கேட்கிற மாதிரி.

மாசி மாதம் மைக் சரிபார்க்கிற நேரம் ஒரு வேலை செய்தேன். அவ போர்வைகளைப் பாடிக்கொண்டிருக்கும்போது வலப்பக்க ஸ்பீக்கரை மெதுவாகக் குறைத்து, குறைத்து, முழுதாக நிறுத்திவிட்டேன். அவ தலையணை உறைக்குப் போனா. டொக்ரர்மாரின் கோட்டுக்குப் போனா. தோட்டைத் தொட்டா.

செத்த ஸ்பீக்கருக்கு முன்னால் நின்று நல்லாயிருக்கு என்கிறா.

வலப்பக்கத்தைத் திரும்ப ஏற்றி வைத்தும், அன்றைய பாட்டு இரண்டாவதிலேயே சுருதி விலகியது. சனம் கண்டுபிடிக்கவில்லை, ஆனால் மேடையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. முடிந்ததும் லியோன் எல்லாருக்கும் முன்னால் என்னைப் பிடித்தார்.

"என்ன மொனிற்றர் குடுக்கிறாய் நீ? அவவுக்குத் தன்ர குரலே கேக்கேல்லை! நித்திரையோ அங்கை?"

ஓர்லீன் அங்கேதான் நின்றா. என்னைப் பார்க்கவில்லை, ஹாண்ட்பாக்கின் சிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றா.

"ஓம், வலப்பக்க ஸ்பீக்கர் பிழை. நான் கவனிக்கேல்லை" என்றேன்.

கோர்டன் கண்ணாடியைக் கழற்றினார்.

மறுநாள் அவரே அந்த ஸ்பீக்கரைத் திறந்து பார்த்திருக்கிறார். "அதிலை ஒரு பிழையும் இல்லை" என்றார்.

"ஓம்."

"அப்ப பிழை ஆரிலை?"

"என்னிலை."

"சித்திரையிலை றெக்கோடிங். இப்பிடியெண்டால் வேறை ஆளைத்தான் போடவேணும்."

அந்த றெக்கோடிங்தான் எல்லாச் சிக்கலுக்கும் காரணம். இங்கிலாந்துப் பெடியளில் ஒருவன் வளர்ந்து கொம்பனி வைத்திருந்தான். எங்கள் மண்டபத்தில் அவவின் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு ஒன்றை அப்படியே பதிவுசெய்து முழு அல்பமாக விட வருகிறான். அட்டையில் அவவின் முகம், முழு அட்டைக்கும். ஒப்பந்தத்திலேயே அதை எழுதச் சொல்லியிருந்தா.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம், சாமான் இறக்குகிற பின்வாசலில் நான் நிற்க வந்தா. டோர்செட் பார்க்கிலிருந்து இரண்டு பஸ்ஸும் ஒரு றெயினும் பிடித்து வந்திருக்கிறா.

"நீ வலப்பக்கத்தை நிப்பாட்டினனி."

நான் தூக்கின பெட்டியைக் கீழே வைத்தேன்.

"எப்பிடித் தெரியும் எண்டு கேள்."

"எப்பிடித் தெரியும்?"

"சப்பாத்து நுனி அதிலை முட்டிக்கொண்டு இருந்தது. ஸ்பீக்கர் உதறேல்லை."

"அப்ப ஏன் தோட்டைத் தொட்டனீங்கள்?"

"நீ பாத்துக்கொண்டு நிண்டனி. வேறை என்ன செய்ய?"

டொக்ரரிடம் போயிருக்கிறா. போன வலக்காது போனதுதானாம். லோண்டரியில் அவ நின்ற இடத்தில் பெரிய மெஷின் வலப்பக்கம்தான் இருந்ததாம். மெஷின் எப்போதும் ஒரே சுருதியில் ரீங்காரம் போடும், அதற்குச் சேர்த்துப் பாடித்தான் தன் குரலைச் சுருதிக்குக் கொண்டுவந்ததாகச் சொன்னா. "சுருதியைத் தந்தது, காதைக் கொண்டுபோட்டுது" என்று சொல்லிச் சிரித்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஆருக்கும் சொல்லாதை. செவிட்டுக் கிழவியை ஆர் றெக்கோட் பண்ணுவினம்? முதல் றெக்கோட்டிலை என்ர முகம் இல்லை, நேஷன். இதிலை இருக்கோணும். அதுக்குப் பிறகு மற்றக் காதும் போகட்டும்."

இப்போது தர்ஷினி கேட்பாள், ஏன் அங்கிள் காதுக்குள் வைக்கிற இயர்பீஸ் கொடுக்கவில்லை என்று. கேட்டேன். "காதுக்கை பஞ்சு வைக்கிறது பிணத்துக்கு" என்றா. அத்தோடு அந்தக் கதை முடிந்தது.

என் மனதில் அவ சொன்ன சப்பாத்து நுனிதான் நின்றது. சனத்துக்கு அடி வயிற்றில் இடிக்கிற பேஸ் சத்தத்துக்கென்று பெரிய பெட்டி ஸ்பீக்கர் இருக்கும். பழையது ஒன்று களஞ்சிய அறையில் கிடந்தது. அதை மேடைக்குக் கீழே, அவ நிற்கிற இடத்துக்கு நேரே, வாயை மேலே வைத்துப் பலகையோடு இறுக்கிவிட்டால், பேஸ் கிற்றாரும் ஓர்கனின் அடிச் சுரமும் பலகையால் ஏறிக் காலுக்கு வரும். நான் நெளிந்து நெளிந்து மேடைக்குக் கீழே படுத்துக்கிடக்க, கோர்டனின் சப்பாத்து இரண்டும் பக்கத்தில் வந்து நின்றன.

"உது ஆருக்கு?"

"மேடைக்கு."

கோர்டன் குனிந்து பெரிய ஸ்குரூ ட்றைவர் ஒன்றை நீட்டினார். கண்ணாடி மேலே ஏறியிருந்தது. வேறு ஆளைப் போடுகிற கதையை அவர் திரும்ப எடுக்கவில்லை.

பங்குனி ஞாயிறு மிஸ் ஓர்லீன் வந்து நின்று பார்த்தா. குதி உயர்ந்த சப்பாத்து. "ஒண்டும் தெரியேல்லை." குதி குறைந்த சப்பாத்து. "ஆரோ கீழ்வீட்டிலை இருமுறான்." கடைசியில் இரண்டையும் கழற்றி ஓர்கனுக்கு மேல், ஹாண்ட்பாக்குக்குப் பக்கத்தில் வைத்தா. லியோன் அதையும் எடுத்து நிலத்தில் வைத்தார். பேஸ்காரனுக்கு ஒரு நரம்பைத் தட்டச் சொன்னேன். அவ கண்ணை மூடினா. கால்விரல்கள் விரிந்தன.

"மெஷின்" என்றா.

இதுதான் மூதாதையரின் மண்.

சித்திரை ஞாயிறு. மண்டபம் நிரம்பியிருந்தது. பின்வாசலில் றெக்கோடிங் வான். அவவின் குரல் முழுவதையும் இடப்பக்க ஸ்பீக்கருக்குக் கொடுத்தேன், தாளமும் அடிச்சுரமும் பலகையால் வந்தன. முதல் ஏழு பாட்டு அப்படி ஒரு பாட்டு. சும்மா சொல்லவில்லை, ஒருமுறைகூட விரல் மேலே போகவில்லை. நான் சம்பளம் வாங்கிக்கொண்டு பார்வையாளனாக நின்றேன்.

எட்டாவது சேட்டுப் பாட்டு. முதல் வரி முடிய, கொம்பனி கொண்டுவந்த படப்பிடிப்பாளன் கிட்டப் படம் எடுக்க வந்து தன் ஸ்ரூலை மேடை ஓரத்தில் ஊன்றினான். ஊன்றியது என் வயரில். இடப்பக்க ஸ்பீக்கர் செத்தது.

அவவின் முகம் மாறவில்லை. தலை மட்டும் இடப்பக்கம், வலப்பக்கம், இடப்பக்கம் என்று தேடியது. மூன்றாவது வரியில் குரல் கொஞ்சம் மேலே போகத் தொடங்கியது. கால் தாளத்தைச் சொல்லும், குரல் நிற்கிற இடத்தைச் சொல்லாது. பாண்ட் ஒரு இடத்தில், அவ இன்னொரு இடத்தில். இரண்டு கோடு விலகிக்கொண்டு போவது எனக்குக் கேட்டது. றெக்கோடிங் வானுக்குள் இருந்த இயந்திரத்துக்கும் கேட்டிருக்கும்.

வயரை மாற்ற ஒரு நிமிஷமாவது வேண்டும். ஒரு நிமிஷம் என்றால் பாட்டில் பாதி.

யோசித்துச் செய்தேன் என்று சொல்ல ஆசைதான், யோசிக்கவில்லை. மேடையில் வாசிக்கிறவர்கள் எல்லாருடைய மொனிற்றர் சத்தத்தையும் ஒரே இழுப்பில் கீழே இழுத்தேன். நாலு பேரும் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார்கள். கையை முட்டியாக மடித்துத் தலைக்கு மேல் பிடித்தேன். நிறுத்து. ட்றம்ஸ்காரன் நிறுத்தினான். பேஸ் நின்றது, கிற்றார் நின்றது. லியோன் கடைசியாகக் கையைத் தூக்கினார்.

பக்கத்தில் வேறு ஒரு சத்தமும் இல்லையென்றால் எந்தச் சுருதியும் சரியான சுருதிதான்.

காலின் கீழே பலகை நின்றதும் அவ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தா. நெஞ்சில் கையை வைத்து, பாடுங்கோ என்று தலையை ஆட்டினேன். அவ திரும்பிச் சனத்தைப் பார்த்தா. தனியாகப் பாடினா. பொத்தானைத் தைக்கிற இடம். ஊசி ஏறி இறங்குகிற மாதிரி, ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் விட்டு விட்டு. அந்தப் பெரிய மண்டபத்தில் குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் கேட்டது. நான் புது வயரை வாயில் கவ்விக்கொண்டு நாலு காலில் மேடைக்குக் குறுக்கே போனேன். ஐந்நூறு சனம் கண்டது. கோர்டனின் சட்டம் உடைந்தது.

வயரைச் செருகிவிட்டு வந்து முட்டியைத் திறந்தேன். ஆனால் தனியாகப் பாடிய அந்த நேரத்தில் அவவின் குரல் அரைச் சுரம் மேலே ஏறிப்போய் இருந்தது. பாண்ட் பழைய இடத்தில் வந்து சேர்ந்தால் சட்டியும் பானையும் விழுந்த மாதிரி இருக்கும். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

லியோன் ஒரு விரலை மேலே காட்டினார். பேஸ்காரனும் கிற்றார்காரனும் விரலை ஒரு கட்டை மேலே நகர்த்தினார்கள். ட்றம்ஸ்காரனுக்குக் கவலையில்லை, அவனுக்கு எல்லாச் சுருதியும் ஒன்று. நாலு பேரும் அரைச் சுரம் மேலே, அவ நின்ற அதே இடத்தில் வந்து இறங்கினார்கள். சனம் எழும்பிவிட்டது. சும்மா எழும்பவில்லை, கத்திக்கொண்டு எழும்பியது.

அந்த இடத்தைப் பற்றி இதுவரை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். துணிச்சலான மௌனம், அதைத் தொடர்ந்த பரவசமான சுருதி மாற்றம், மேதையின் திட்டமிடல். திட்டம் போட்டது ஒரு ஸ்ரூல்.

பாட்டு முடிந்து மேசையைக் கட்டிக்கொண்டிருந்தேன். லியோன் வந்து பக்கத்தில் நின்றார்.

"அவவின்ர வலக்காது எப்ப போச்சு?"

"எந்தக் காது?"

"சரி. நானும் கேக்கேல்லை." கொஞ்சம் நின்றார். "முந்தி நான் எந்தப் பக்கம் நிண்டு என்ன சொன்னாலும் பேச்சு விழும். போன வருஷம் தொடக்கம் வலப்பக்கம் நிண்டு சொன்னால் ஒண்டும் விழுகுதில்லை. கேட்டால் அவ அப்பிடி விடுற ஆளில்லை."

"தெரிஞ்சுகொண்டோ என்னை அவ்வளவு பேர் முன்னாலை ஏசினீங்கள்?"

"உன்ர ஸ்பீக்கர் பிழையா இருக்கட்டும் எண்டு ஆசைப்பட்டனான்" என்றார் லியோன். அதற்கு மேல் நான் அவரோடு கோபிக்கவில்லை.

கோர்டன் போகும்போது என் மேசையடியில் நின்றார். என் முழங்காலில் மேடைப் பெயின்ற் ஒட்டியிருந்ததைப் பார்த்தார். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் போனார்.

அல்பம் வந்தது. முழு அட்டைக்கும் முகம். அவ பத்துப் பிரதி வாங்கி அப்பாட்மெண்ட் சுவரில் பத்தையும் வரிசையாக அடித்தா. அதற்குப் பிறகும் நாலு வருஷம் பாடினா, ஒவ்வொரு மாதமும் வெறுங்காலோடு. பிறகு இடக்காதும் மெல்லக் குறைய, ஒரு ஞாயிறு தானாகவே "போதும்" என்றா. விழா வேண்டாம் என்றா. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனா. அடுத்த வருஷம் நானும் ஓய்வெடுத்தேன்.

ஒரு விஷயத்தை மட்டும் நானும் லியோனும் அவவுக்குச் சொல்லவில்லை. அன்றைக்குத் தன் குரல் மேலே ஏறிப்போனது அவவுக்குத் தெரியாது. தான் நின்ற இடத்திலேயே நின்றதாகவும் பாண்ட் விட்ட இடத்திலிருந்து வந்து சேர்ந்ததாகவும் நினைத்துக்கொண்டிருந்தா. சுருதி மாற்றத்தைப் புகழ்ந்து எழுதினவர்களை விசரர் என்று விட்டுவிட்டா. அல்பத்தை அவவால் வடிவாகக் கேட்க முடியவில்லை, அதனால் கேட்காமலே விட்டுவிட்டா.

போன வருஷம் நல்ல காதுக் கருவி ஒன்று போட்டா. பழைய கருவிகள் எல்லாம் பாட்டைத் தகரமாக்கும், இது அப்படியில்லையாம். என் மனுசி ஜெசிந்தா நண்டுக்கறி சமைத்து அவவைக் கூப்பிடச் சொன்னா. நாங்கள் இப்போது மகனோடு ஸ்ரௌவ்வில்லில் இருக்கிறோம், கார் இல்லாமல் பால் வாங்கவும் போகேலாத இடம். டோர்செட் பார்க்கில் போய் ஏற்றி வந்தேன். வழிநெடுக ஒரே மாதிரி வீடுகளைப் பார்த்துவிட்டு, "நேஷன், இங்கை குடிச்சிட்டு வாறவன் எந்த வீட்டை போவான்?" என்றா.

சாப்பிட்டு முடிய, "அந்த றெக்கோட்டைப் போடு, நான் இன்னும் கேக்கேல்லை" என்றா. எனக்கு மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. போட்டேன்.

ஏழு பாட்டையும் தலையை ஆட்டிக் கேட்டா. எட்டாவது தொடங்கியது. நான் யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பாண்ட் நின்றது. அவவின் தனிக்குரல். பாண்ட் திரும்ப வந்தது, சனம் கத்தியது.

"நிப்பாட்டு."

நிறுத்தினேன்.

"திரும்பப் போடு. முதலிலை இருந்து."

திரும்பக் கேட்டா. மூன்றாம் முறை கேட்டா. மூன்றாம் முறை தொடக்கத்தில் ஒரு சுரத்தை முணுமுணுத்துப் பிடித்துவைத்து, பாண்ட் திரும்ப வந்த இடத்தில் அந்தச் சுரத்தை வெளியே விட்டுப் பார்த்தா. சேரவில்லை.

"நான் ஏறிட்டன்" என்றா.

"ஓம், மிஸ் ஓர்லீன்."

"உனக்குத் தெரியும்."

"ஓம்."

"ரெலிபோனைத் தா."

லியோன் எடுத்தார். என் ஸ்பீக்கர்போனில் எல்லாருக்கும் கேட்டது.

"நீ என்ர பாட்டின்ர சுருதியை மாத்தினனி" என்றா, ஹலோ கூடச் சொல்லாமல்.

லியோன் சொன்னார்: "வீடு மாறினது நீ, ஓர்லீன். நான் சாமானைத் தூக்கிக்கொண்டு பின்னாலை வந்தனான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ நல்லாப் பாடினனி. அதுக்குள்ளை என்னத்தைச் சொல்ல?"

அவ ரெலிபோனைப் பார்த்துக்கொண்டே இருந்தா. நான் பேச்சு விழப்போகிறது என்று காத்திருந்தேன். லியோனும் அந்தப் பக்கம் அதற்குத்தான் காத்திருந்திருப்பார்.

"ஒண்டையும் கீழை போடாமல் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாய்" என்று சொல்லி வைத்துவிட்டா.

பிறகு ஜெசிந்தாவைப் பார்த்து, "அந்த மனுசனை விட்டது சரிதான்" என்றா. "ஆனா கொஞ்சம் அவசரப்பட்டிட்டன்."

எழும்பித் தன் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனா. தண்ணிப் பைப் திறக்கிற சத்தம் கேட்டது. ஜெசிந்தா எழும்பப் போக, நான் கையைப் பிடித்து இருத்தினேன். தண்ணி கனநேரம் ஓடியது. கழுவ இருந்தது அந்த ஒரு கோப்பைதான்.